இடம் சொல்லாத மனுஷன்

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். கேட்டு யாரும் என்னை நச்சரிக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க ஓர் இடத்தை ஊர்க்கண்ணிலிருந்து மறைத்து வைத்த மனுஷன் அவர். அதை ஊரைக் கூட்டிவைத்துச் சொல்ல வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பேரையாவது மிச்சம் வைக்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் அப்பா வலையும் கயிறும் மிதவையும் விற்கிற கடை வைத்திருந்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மா வைக்கும் மீன் குழம்போடு அவர் அறிவு முடிந்தது. ஆனால் காசிமேட்டில் எந்த லாஞ்ச்சுக்கு எந்த அளவுக் கண்ணியில் வலை வேண்டும் என்பது மட்டும் அத்துப்படி. லாஞ்ச் என்றால் கடலடியில் வலையை இழுத்துக்கொண்டு போகிற மரப் படகு; வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் பலகை கட்டியிருக்கும். 'விசைப்படகு' என்பதெல்லாம் கவர்மென்ட் காகிதத்தில் மட்டும் இருக்கிற வார்த்தை.

இவருக்கு அப்படி ஒரு பழைய லாஞ்ச் சொந்தமாக இருந்தது. முதலாளியும் அவரே, ஓட்டுகிறவரும் அவரே. மச்சானும் இன்னும் மூன்று பேரும் கூடப் போவார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்ப்பார். முதல் தடவை பேசுகிறவர்கள் காதில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொள்வார்கள்.

கடலில் தொழில் செய்கிற யாரும் மீன் பட்ட இடத்தை உள்ளபடி சொல்வதில்லை. வடக்கே வலை போட்டுவிட்டு வந்து தெற்கே கை காட்டுவது காசிமேட்டில் பொய்க் கணக்கில் சேராது. கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். "சும்மா அப்டிக்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் அந்தப் பழக்கத்தைக் கரைக்கும் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் விசேஷம்.

"புதுச் சட்டை சோக்கா இருக்கே, எங்கன எடுத்தீக?" என்பார் அப்பா.

"வண்ணாரப்பேட்டைல, அண்ணாச்சி."

கையில் இருக்கும் பையில் தியாகராய நகர் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அப்பா பையைப் பார்ப்பார், அவர் அப்பாவின் காதைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது அம்மாவுக்கு ஒரு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுப்பார். செவுளில் இன்னும் ரத்தச் சிவப்புகூட மாறாத மீன். "சிந்தாரிப்பேட்ட மார்க்கெட்ல வாங்கினேன், யக்கா" என்பார். சொந்தமாக லாஞ்ச் வைத்திருக்கிற மனுஷன் மார்க்கெட்டில் போய் மீன் வாங்கினாராம்! பொய் சொல்கிறவர் கொஞ்சம் பொருந்தச் சொல்லக் கூடாதா என்று அம்மா உள்ளே போய் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஒருமுறை இவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் விருந்து; இறால் இவர் கொண்டுபோனது. சம்பந்தியும் கடல் தொழில்காரர். இறாலை வாயில் வைத்துவிட்டு, "சம்மந்தி, எறா பிரமாதம். எங்க பட்ச்சி?" என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். "கோவளத்தாண்ட" என்று சொல்லிவிட்டார் இவர். அதைக் கூடப் போய்ப் பிடித்துவிட்டு வந்து பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மச்சான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். இதை எங்களிடம் சொன்னது அவருடைய சம்சாரம். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தார். "இருவது வர்சம் ஆச்சி யக்கா. எந்தப் பக்கம் போவுதுன்னு எங்கிட்டயே வாயத் தொறந்ததில்ல. ஒருநா திரும்பி வரலன்னா நான் எந்தக் கடல்லன்னு போயித் தேடறது?"

அவரிடம் ஓர் இடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாதத்தில் இரண்டு மூன்று தடவை, எந்தக் கிழமை என்று யாராலும் சொல்ல முடியாது, அவர் லாஞ்ச் மட்டும் மீன் பாரத்தில் தண்ணீரில் அமுங்கி வரும். முழுகிப்போன படகு இருக்கிற இடமோ, பாறையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒருமுறை பக்கத்து லாஞ்ச்காரன் பின்னாலேயே துரத்திக்கொண்டு போனான். இவர் அவனை நேரே பழவேற்காடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், ஒரு வலைகூடப் போடாமல், திருப்பிக்கொண்டு வந்து துறைமுகத்திலேயே விட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கும் டீசல் தண்டம்தான். ஆனால் கடைக்கு வந்து உட்கார்ந்து, "சோமாறிக்கு ஊர் சுத்திக் காட்னேன் அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாக வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்த வருஷங்களில்தான் படகுகளில் ஜிபிஎஸ் பெட்டி வர ஆரம்பித்தது. இவர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "எவனாவது ஒர்த்தன் அமுக்கினா அல்லாத்தையும் கக்கிடும் அது. நம்ம வாயி அப்டியா?" அவருக்குக் கரையில் தெரிகிற அடையாளங்களே போதும். ஒரு பக்கம் இரண்டு அடையாளம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்க வேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு. நாலும் பொருந்துகிற புள்ளியில் இடம். எந்த நாலு என்பதுதான் ரகசியம்; கூடப் போகிற மச்சானுக்கும் ஆட்களுக்கும்கூடத் தெரியாது.

மனுஷன் வாயை மூடினாலும் வலை மூடாது. தெற்கே போட்ட வலையில் மணல் ஒட்டியிருக்கும். எண்ணூர்ப் பக்கம் போட்ட வலையில் சாம்பல் கலந்த கறுப்புச் சேறு, கொஞ்சம் எண்ணெய் வாடையோடு. எங்கள் கடைக்கு வலை தைக்கக் கொண்டுவருகிறவர்கள் யாருக்கும் தெரியாத மாதிரி அடுத்தவன் வலையை மோந்து பார்ப்பார்கள். எனக்கும் பெருக்கல் வாய்பாடு வருவதற்கு முன்னால் அந்த வித்தை வந்துவிட்டது. இவரோ துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே வலையையும் கயிற்றையும் இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் வருவார்.

நான் பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்து, வீட்டில் சும்மா இருந்தேன். கடல் ஊருக்குள் வந்ததே, அதற்கு முந்தைய வருஷம். ஒரு கம்பெனி வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கத்துக் கடலுக்கு அடியில் கேபிள் கொண்டுவந்து சேர்த்திருந்தது. தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். அதெல்லாம் ஆகாயத்தில் சாட்டிலைட் வழியாக வருகிறது என்றுதான் படித்த நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கடலடியில் கிடக்கிற கம்பி வழியாக வருகிறது என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கம்பிக்கு எமன் வலையும் நங்கூரமும். அதனால் மீனவர்களிடம் போய்ப் பேச உள்ளூர் ஆள் ஒன்று வேண்டியிருந்தது. 'ராயபுரம், வலைக்கடைக்காரர் மகள், பட்டதாரி' என்றதும் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் கடை மாடியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் வைத்தார்கள். பேர் அச்சடித்த அட்டை கொடுத்தார்கள். அம்மா அதில் ஒன்றை எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லாப்பெட்டிக்கு வெளியே சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆணவம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற கூடத்தில் மைக் பிடித்துப் பேசினேன். துண்டுப் பிரசுரத்தில் மூன்றே வரி. நானே எழுதியது. 'கேபிளில் வலை மாட்டினால் இழுக்காதீர்கள். அறுத்து விடுங்கள். புது வலை தருகிறோம்.'

"இன்னாது அது ஒயரு? உள்ள இன்னா ஓடுது?" என்று கூட்டத்திலிருந்து இவர்தான் முதலில் கேட்டார்.

"வெளிச்சம் ஓடுதுண்ணே."

"தண்ணிக்குள்ளயா? உடான்ஸ் வுடாத கண்ணு."

"நெசமாத்தாண்ணே. துபாயில இருக்கிற புருஷன்கூட கம்ப்யூட்டர்ல பேசறாங்கல்ல, அந்தப் பேச்செல்லாம் வெளிச்சமா மாறி இந்த மாதிரி கேபிள் வழியாத்தான் வருது."

"சரி, வரட்டும். எங்க போட்டுக்கீறீங்கோ அத்த?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கேபிள் கிடக்கிற இடத்தை வெளியே சொல்லக் கூடாது, பாதுகாப்புக் காரணம் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேப் அவருடைய பெட்டியை விட்டு வெளியே வராது. மேலே வலை போடாதே என்று சொல்ல வேண்டும், ஆனால் எதற்கு மேலே என்று சொல்லக் கூடாது. கம்பெனிக்காரர்கள் மூளையே மூளை.

"இடம் சொல்லக் கூடாதுண்ணே" என்றேன்.

கூடமே சிரித்தது. இவர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துவிட்டு, "நம்ம ஆள்தாண்டா கம்பெனிக்காரன்!" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"வலையும் பலகையும் கயிறும் போச்சின்னா லாஞ்ச்சு வெறும் கட்ட. புதுசு யாரு குடுப்பா?"

"கம்பெனி குடுக்கும்."

"கம்பெனி மூஞ்சிய நான் பாத்ததில்ல கண்ணு. உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு கீறேன். நீ சொல்லு."

அன்றைக்கு மட்டும் அவர் என் காதைப் பார்க்கவில்லை. நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பொறுப்புண்ணே" என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் மாடிப்படி ஏறி வந்தார். கைலியெல்லாம் ஈரம். கையில் முழ நீளத்துக்கு அறுந்த கயிறு.

"அறுத்துட்டேன் கண்ணு."

வலை எதிலோ மாட்டியிருக்கிறது. இழுவை மிஷினைப் போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இரண்டு ஆள் ஆழத்தில் மணிக்கட்டு மொத்தத்தில் கறுப்பாக ஒன்று வலையோடு சேர்ந்து மேலே வந்திருக்கிறது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அது அறுந்துவிடும், வலை வந்துவிடும் என்று மச்சான் கத்தியிருக்கிறார். இவர் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டிவிட்டார். வலை, பலகை எல்லாம் உள்ளே போய்விட்டது.

"மச்சான் என்னைப் பைத்தியம்ன்றான். நான் சொன்னேன், டேய், அண்ணாச்சி பொண்ணு வாய் குட்த்துக்கீதுடான்னு."

நான் எழுதிய மூன்று வரியைப் படித்துவிட்டு ஒரு மனுஷன் தன் வலையை வெட்டி விட்டிருக்கிறார்! படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பேர், படகு எண், தேதி, நேரம். அடுத்த கட்டம், இடம்.

அவர் கண் என் காதுக்குப் போயிற்று.

"எழுதிக்கோ. ராய்ரம் மாதா கோயிலுக்கு நேரா, கெழக்கால. லைட் ஹவுஸும் கோயிலும் ஒண்ணா நிக்கும்."

மேஜைமேல் கயிறு கிடந்தது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அலச மறந்துவிட்டார். நான் எடுத்து, பழக்கதோஷம், மூக்கருகே கொண்டுபோனேன். கறுப்புச் சேறு. சாம்பல். எண்ணூர். ராயபுரத்துக்கு நேரே அந்தச் சேறு கிடையாது. என் அப்பாவைக் கேட்டால்கூடச் சொல்வார். அவர் நான் மோந்து பார்ப்பதைப் பார்த்தார். நான் கயிற்றைக் கீழே வைத்தேன்.

'ராயபுரம் மாதா கோயிலுக்கு நேர் கிழக்கே' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று இருபது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'மீனவர் கூறியபடி மட்டும் எழுதவும்' என்று படிவத்தில் போட்டிருந்தது, நிஜம். அவர் முகத்துக்கு நேரே 'பொய் சொல்லாதீங்க' என்று சொல்ல வாய் வரவில்லை, அதுவும் நிஜம். எல்லாவற்றையும்விட, அது சும்மா ஒரு கட்டம் என்று நினைத்தேன். எதையாவது போட்டு நிரப்பினால் சரி என்று நினைத்தேன். படித்த முட்டாள்.

லாஞ்ச் கரையோடு கட்டிக் கிடந்தது. அப்பா புது வலை தருகிறேன், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவர் வாங்கவில்லை. "உங்க பொண்ணு சொல்லிக்கீது, கம்பெனி வலை வருதுன்னு. அப்பால கடன் இன்னாத்துக்கு அண்ணாச்சி?" வாரத்துக்கு ஒருமுறை படியேறி வந்து எட்டிப் பார்ப்பார். "வந்துரும்ணே" என்பேன். கூடப் போய்க்கொண்டிருந்த மூன்று பேரும் ஒவ்வொருவராக வேறு லாஞ்ச்சுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மச்சானும் போனார்.

வலை வரவில்லை. கடிதம் வந்தது. குறிப்பிட்ட இடத்தில் கேபிளே இல்லை, இது பொய்யான கோரிக்கை, மேனேஜர் நேரில் வந்து மீனவர் சங்கத்தார் முன்னிலையில் விசாரிப்பார், பொய் என்று உறுதியானால் போலீசில் புகார் கொடுக்கப்படும். இங்கிலீஷில் இருந்ததை நான்தான் தமிழில் அவருக்குப் படித்துச் சொன்னேன். படிக்கும்போது போலீஸ் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். அப்புறம் சங்கத்தில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். சம்சாரம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார், தான் கேட்கக் கூடாத பேச்சு என்று தெரிந்தவர் மாதிரி.

"அண்ணே, நெச இடத்தை எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் மேனேஜர்கிட்ட தனியாச் சொல்லிப் பாக்கறேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"நீதான் கயித்த மோந்து பாத்தியே கண்ணு."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"என் வாயில அது வராது. இருவது வர்சமா வேற சொல்லிச் சொல்லி, நெசம் எந்தப் பக்கம் கீதுன்னே நாக்குக்குத் தெர்ல. ஆனா நீ வலக்கடையில பொறந்த பொண்ணு. மோந்து பாத்ததும் எனக்கு நிம்மதி ஆயிட்ச்சி. நான் இன்னா சொன்னாலும் நீ சேத்தப் பாத்து எண்ணூர்னு எழுதிக்குவேன்னு நெனச்சேன். நம்ம ஆளுங்க அப்டித்தான புரிஞ்சிப்பாங்கோ?"

அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். காசிமேட்டில் ஒரு குழந்தைகூட அப்படித்தான் புரிந்துகொள்ளும். வாய் சொல்வதை விட்டுவிட்டுச் சேறு சொல்வதை எடுத்துக்கொள்ளும். நான்தான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நான் சொல்லிடறேன்ணே. கயித்துல எண்ணூர் சேறு இருந்துச்சு, இவங்க பழக்கம் இப்படின்னு மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

"சொல்லு" என்றார். "எடம் போவட்டும். திருட்டுப்பய பட்டம் வேணாம்."

மறுநாள் ஏலக் கூடத்தில் நாற்காலி மேஜை போட்டு மேனேஜர் உட்கார்ந்தார். சங்கத் தலைவர் பக்கத்தில். சுற்றிலும் கூட்டம். மீன் கூடைகளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பெண்கள்கூட வந்து நின்றார்கள். இவர் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"கேபிள் இல்லாத இடத்தில் கேபிளில் மாட்டியது என்கிறீர்கள். அது எப்படி?" என்றார் மேனேஜர்.

"அது பொய், சார். நெச எடம் வேற."

"எங்கே?"

தனியாகச் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். சாட்சிகள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் ஒரே பிடியாக நின்றார். இவர் கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பழவேற்காடு வரைக்கும் துரத்தினவன் முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"எண்ணூர் சிம்னி ரெண்டும் ஒண்ணாயி நிக்கணும். திருவொத்தியூர் கோபுரத்துக்குப் பின்னால தண்ணி டேங்க்கு மறையணும். அங்க."

அவ்வளவுதான். இரண்டு வரி. அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், உதடு மட்டும் அசைந்தது. மனப்பாடம் செய்கிறார்கள். அவருடைய சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இருபது வருஷம் கேட்டுக் கிடைக்காதது, ஊரோடு ஊராக நின்று கேட்கக் கிடைத்தது.

மேனேஜர் பெட்டியைத் திறந்து மேப்பை எடுத்தார். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கோடு இரண்டும் கேபிளின் மேலேயே வெட்டிக்கொண்டன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முடிந்தது, வலை கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

"கம்பெனி யாருக்கும் சொல்லாத இடம் இது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என் எடம், சார். இருவது வர்சமா என் எடம். நீங்கதான் வந்து ஒயர போட்டுக்கீறீங்கோ."

"அன்றைக்கு ஓர் இடம், இன்றைக்கு ஓர் இடம். கடிதம் போன பிறகு யாரோ மேப்பைக் காட்டியிருக்கிறார்கள்." மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் காட்டினீர்களா?"

"இல்லை சார்."

"அன்றைக்கு உங்களிடம் இந்த இடத்தைச் சொன்னாரா?"

"இல்லை சார்."

"அவர் சொன்ன இடம் தவறு என்று எழுதும்போது உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா? யோசித்துச் சொல்லுங்கள். தெரிந்தே தவறாக எழுதியிருந்தால் அது தனி நடவடிக்கை."

தனி நடவடிக்கை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டை ஞாபகத்துக்கு வந்தது. மாதம் முதல் தேதி ஞாபகத்துக்கு வந்தது. இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதை அல்ல, முகத்தை. கொஞ்சம் தலையை ஆட்டினார், சொல்லு கண்ணு என்கிற மாதிரி.

"அவர் சொன்னதைத்தான் எழுதினேன் சார். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

என் குரல் கணீரென்று வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. தடுமாறியாவது சொல்லியிருக்கலாம்.

"சார், போய்ப் பாருங்க. என் வலை அங்க ஒயரு மேல தொங்கிக்கினு கீது" என்றார் அவர். முதல் தடவையாகக் குரல் உடைந்தது.

"கேபிள் ஒழுங்காக வேலை செய்கிறது. போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை" என்று மேப்பை மடித்தார் மேனேஜர்.

இவர் இழுத்து அறுத்திருந்தால் கப்பலே வந்திருக்கும், முக்குளிக்கிறவர்கள் வந்திருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள். அறுக்காமல் விட்ட புண்ணியத்துக்கு யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சங்கம் கெஞ்சியதால் போலீசுக்குப் போகாமல் விடுகிறோம் என்று எழுதிக்கொண்டு எழுந்தார்கள். இவரிடம் அதிலும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். காகிதத்தை நீட்டியது நான்.

மறுநாள் விடிந்தபோது துறைமுகத்தில் பாதி லாஞ்ச் இல்லை. எல்லாம் எண்ணூர்ப் பக்கம். மூன்று நாள் அடித்துக்கொண்டு போட்டார்கள். கூடை கூடையாக வந்தது. நாலாவது நாள் ஒன்றும் வரவில்லை, வழித்தெடுத்துவிட்டார்கள். பாறையில் மாட்டிக் கிழிந்த வலைகளுக்குப் பதில் வாங்க எங்கள் கடையில் ஒரே கூட்டம். அப்பாவுக்கு அந்த வாரம் நிமிர நேரமில்லை. பிறகு கம்பெனி விழித்துக்கொண்டு, அங்கே யாரும் வலை போடாமல் பார்த்துக்கொள்ளக் காவல் படகு ஒன்று போட்டது. அது சங்கத் தலைவருடைய படகு.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் இவர் கடைக்கு வந்தார். நான் கீழே கல்லாவில் இருந்தேன். திட்டப் போகிறார், காறித் துப்பப் போகிறார் என்று நினைத்தேன். துப்பினால் நல்லது என்றுகூட இருந்தது. கல்லாவுக்கு எதிரில் வந்து நின்றார்.

"உன் வேல கீதா கண்ணு?"

"இருக்குண்ணே."

"அப்ப சரி."

திரும்பிப் போய்விட்டார். அப்புறம் எங்கள் கடைக்கு அவர் வரவே இல்லை. லாஞ்ச்சை உடைக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டதாகவும், எர்ணாவூரில் மகள் வீட்டுப் பக்கம் போய்விட்டதாகவும் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வேலையில் பதினான்கு வருஷம் இருந்தேன். கடைசி ஆறு வருஷம் மேனேஜராக.